வாடகை உதவித் தீர்மானம்: என் வாக்கும் அதன் காரணமும்

அன்புள்ள ஊரவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரமாக இந்த மடற்குழுவில் வந்த ஒவ்வொரு மடலையும் வாசித்தேன். ஊரிலிருந்து விசிட் விசாவில் வந்து, அகதிக் கோரிக்கை வைத்துவிட்டு, கனடாவில் ஸ்காபரோ நிலவறைகளில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு முதல் மூன்று மாத வாடகையில் ஒரு பகுதியை எங்கள் ஊர்ச் சங்கம் கொடுப்பதா என்ற தீர்மானம் வருகிற ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்துக்கு வருகிறது. நான் ஆதரித்து வாக்களிப்பேன். காரணத்தைக் கூட்டத்தில் கொடுக்கும் மூன்று நிமிடத்துக்குள் சொல்ல என்னால் முடியாது. அதனால்தான் இந்த நீண்ட மடல். பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நாங்கள் சண்டைக்குத் தப்பி வந்தோம், இவர்கள் சம்பளத்துக்கு வருகிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த வரியைப் பலர் ஆமோதித்தார்கள். அவர்களில் பாதிப் பேருடன் நான் ஒரே வாங்கில் இருந்து படித்தவன். யார் எந்த ஆண்டு, எந்த வழியால், எந்தப் பெயரில் வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அவற்றை எழுதுவது என் வேலையல்ல. நான் வந்த கதையை மட்டும் எழுதுகிறேன்.

1987 மே மாதம் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் இலங்கை இராணுவம் இறங்கியபோது எனக்கு வயது பத்தொன்பது. கோயில்களில் போய் இருக்கச் சொல்லி வானத்திலிருந்து துண்டுப் பிரசுரம் போட்டார்கள். அல்வாய் முத்துமாரி அம்மன் கோயிலில் அப்படிப் போய் இருந்த சனத்தின் மேல் ஷெல் விழுந்தது. எங்கள் ஒழுங்கையில் பிடிபட்ட பெடியன்களைக் கப்பலில் ஏற்றிக் காலிக்குப் பக்கத்தில் பூசா முகாமுக்குக் கொண்டுபோனார்கள். நான் கிணற்றடி வாழைகளுக்குள் படுத்திருந்து தப்பினேன். சில மாதங்களில் அம்மா தாலிக்கொடியைத் தவிர எல்லா நகையையும் விற்று, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனிடம் கட்டினார். வாசலில் நின்று அவர் சொன்ன முதல் வார்த்தை, "உயிரோடு இரு." படலையைத் திறக்கும்போது சொன்ன இரண்டாவது வார்த்தை, "அக்காவின் கலியாணத்தை மறந்துவிடாதே."

இந்த இரண்டில் எது அகதியின் காரணம், எது சம்பளத்துக்கு வந்தவனின் காரணம் என்று முப்பத்தைந்து வருடமாக என்னை யாரும் பிரித்துக் கேட்கவில்லை. இரண்டும் ஒரே பையில்தான் வந்தன. ரொறன்ரோவில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் இரவு இரவாகக் கோப்பை கழுவிய காசில்தான் அக்காவின் கலியாணம் நடந்தது.

1988 பெப்ரவரியில் நான் வந்து இறங்கியது மொன்றியலுக்கு வெளியே மிராபெல் விமான நிலையத்தில். என் கையில் இருந்தது சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு. அதில் இருந்த பிறந்த திகதியை மூன்று வாரம் பாடமாக்கியிருந்தேன். மெல்லிய பருத்திச் சட்டை, என் காலைவிட இரண்டு அளவு பெரிய சப்பாத்து. குடிவரவு மேசையில் இருந்தவர் என் தாயின் வயதுப் பெண். அவர் திகதியைக் கேட்டார். பாடமாக்கியது வாயில் வரவில்லை. "ரெஃப்யூஜி" என்ற ஒரு சொல்தான் வந்தது.

என்னை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். கேள்விகளைத் தொடங்க முன்பு என் கைகளைப் பார்த்தார். குளிரிலோ பயத்திலோ அவை மேசைமேல் தட்டிக்கொண்டிருந்தன. என் கோப்பினை மூடி வைத்துவிட்டு, தன் கைப்பையிலிருந்து கடதாசியில் சுற்றிய சாண்ட்விச் ஒன்றை எடுத்துப் பாதியைப் பிய்த்து எனக்குத் தந்தார். அதற்குள் மாட்டிறைச்சி இருந்தது. எங்கள் வீட்டில் மீன், இறைச்சி சமைக்கும் மச்சச் சட்டி தனி, அதிலும் மாடு ஏறியதே இல்லை. நான் சாப்பிட்டேன். நான் முடிக்கும்வரை அவர் கேள்வி கேட்கவில்லை.

குடிவரவு பற்றி இன்றுவரை நான் சொல்லும் ஒவ்வொரு கருத்துக்கும் அடியில் அந்தப் பாதிச் சாண்ட்விச் இருக்கிறது. இந்த நாட்டின் வாசலில் நிற்கும் அதிகாரி அடிப்படையில் நல்லவர், உள்ளே விடுவது நல்ல காரியம் என்று நான் நம்புவது எந்தப் புள்ளிவிபரத்தையும் வாசித்து வந்த நம்பிக்கையல்ல.

என் மச்சான் மூன்று வாரம் கழித்து வந்தார். அதே ஏஜென்சி, அதே விமான நிலையம், அதே மாதிரியான கடவுச்சீட்டு. அவருக்குக் கிடைத்தது வேறோர் அதிகாரி. உடுப்பு முழுவதையும் கழற்றவைத்து, பக்கத்தில் நின்றவரோடு சிரித்துக் கதைத்தபடி சோதித்தார்களாம். இதை என்னிடம் சொல்ல அவருக்குப் பதினாறு வருடம் எடுத்தது. சென்ற வாரம் "ஊரில் இருப்பவர்களை வரவேண்டாம் என்று சொல்லுங்கள், சங்கம் காசைக் கொடுத்து ஆசைகாட்டக் கூடாது" என்று எழுதியவர் அவர்தான். அதை வாசித்துவிட்டுக் கல்நெஞ்சம் என்று ஒருவர் பதில் போட்டார். அந்தப் பதிலை மீளப் பெறுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு பெடியன் அந்த அறையில் அம்மணமாக நிற்கக் கூடாது என்றுதான் அவர் எழுதினார். அதைச் சொல்ல அவருக்குத் தெரிந்த வழி அது. இங்கே எழுத அவரிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.

எங்கள் பெரிய அண்ணாவின் மடலுக்கு வருகிறேன். "முறைப்படி வரிசையில் நின்றவர்களுக்கு என்ன மரியாதை?" என்று கேட்டிருந்தார். அவர் தன் ஐயாவை ஸ்பொன்சர் செய்த கதை எல்லோருக்கும் தெரிந்திருக்காது. ஐயா கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கி விசாவுக்காகக் காத்திருந்தார். பொலிஸ் பதிவு, இரவுச் சோதனை, இன்னுமொரு மருத்துவப் பரிசோதனை, இன்னுமொரு கடிதம். ஒரு தடவை எடுத்த மருத்துவச் சான்று காலாவதியாகி மறுபடி எடுக்க வேண்டிவந்தது. விசா வந்த கடிதத்தை லொட்ஜ் முதலாளிதான் பிரித்தார். அதற்கு ஒன்பது நாள் முன்பு ஐயா போய்விட்டார். அண்ணாவின் கோபம் பொய்யல்ல. வரிசை என்ற சொல்லைக் கேட்கும்போது அவர் கண்முன் வருவது அந்த லொட்ஜ்க் கட்டில். விமானத்தில் ஏறி வந்து இறங்கியவுடன் கோரிக்கை வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் அவருக்கு நெஞ்சு எரியாமல் என்ன செய்யும்?

ஆனால் அண்ணா, ஐயாவைக் காக்கவைத்தது ஒரு கோப்பு. இந்தப் பிள்ளைகள் அந்தக் கோப்பின் மேல் ஏறி இருந்தவர்கள் அல்லர். அப்போது அவர்களில் பலர் பிறக்கவேயில்லை.

"முறைப்படி" என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் கரைசேர்த்தார்கள். இந்தியாவிலிருந்து நேரே வந்ததாக அவர்கள் முதலில் சொன்னார்கள். பிறகுதான் அவர்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறியது தெரியவந்தது. பொய் சொன்னவர்கள் என்று நாடே கொதித்தது. அப்படியிருந்தும் அரசு அவர்களுக்கு ஒரு வருட அனுமதி கொடுத்து இருக்க விட்டது. முப்பது வருடம் கழித்து, 2016இல், அவர்களில் சிலர் அந்த மீனவர்களுக்கு நன்றி சொல்ல அங்கே திரும்பிப் போனபோது அந்தப் படங்களை இதே மடற்குழுவில் எத்தனை பேர் பெருமையோடு பகிர்ந்தோம்! அவர்கள் சொன்ன பொய்யை அன்று யாரும் நினைவுபடுத்தவில்லை. உயிருக்குப் பயந்து ஓடுபவனிடம் ஒழுங்கான கடதாசி இருக்காது என்பதை உலகமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. அனுமதியில்லாமல் நுழைந்ததற்காக அகதியைத் தண்டிக்கக் கூடாது என்று 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 31ஆம் உறுப்புரை சொல்வது அதனால்தான்.

பிரம்ப்டனில் இருந்து எழுதிய தங்கைக்கும் ஒரு சொல். பொதி கட்டும் தொழிற்சாலையில் உங்கள் வேலை நேரத்தை வெட்டி, பஞ்சாப்பிலிருந்து வந்த மாணவர்களைக் கையில் காசு கொடுத்து முதலாளி அமர்த்துகிறார் என்று எழுதியிருந்தீர்கள். வாரத்துக்கு நாற்பது மணித்தியாலம் பதினெட்டானால் வீட்டு வாடகை எங்கிருந்து வரும்? அந்த அநியாயம் முதலாளியுடையது. அந்தப் பெடியன்களின் கணக்கில் அதை எழுதிவிடாதீர்கள். சட்டக் கூலி அவர்களுக்கும் கிடைத்தால் உங்கள் நேரம் வெட்டுப்படாது. இன்னொன்றும் உண்டு. கனடாவில் அகதிக் கோரிக்கை வைப்பவருக்கு நேரில் வாய்திறந்து தன் கதையைச் சொல்ல உரிமை வந்தது 1985 ஏப்ரல் 4ஆம் திகதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால். சிங் வழக்கு என்று அதற்குப் பெயர். வழக்குப் போட்டவர்களில் பெரும்பாலானோர் சீக்கியர். அதுவரை கடதாசியைப் பார்த்தே உன்னை நம்பவில்லை என்று முடித்துவிடலாம். எனக்கும், உங்கள் கணவருக்கும், இந்தக் குழுவில் அகதியாக வந்த எல்லோருக்கும் ஒரு விசாரணை மேசை கிடைத்தது அவர்கள் போட்ட வழக்கால்.

இனி எழுதப்போவது எனக்கு வெட்கமானது. 2010 ஆகஸ்டில் சன் சீ கப்பல் எங்கள் சனம் 492 பேரோடு வன்கூவர் தீவுக்கு வந்தபோது தொலைக்காட்சி முழுக்க அதுதான். மத்தியான இடைவேளையில் என்னோடு வேலைசெய்த ஒருவர் திரையைக் காட்டி, "இவர்கள் உங்கள் ஆட்களா?" என்று கேட்டார். "நான் விமானத்தில் வந்தவன்" என்று பதில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து பதினைந்து மாதம்கூட ஆகவில்லை. கப்பலில் தாய்மாரும் குழந்தைகளும் இருந்தார்கள். அவர்களை மாதக்கணக்கில் தடுப்பில் வைத்தார்கள். இவர்களால் எங்கள் பெயர் கெடுகிறது என்று அன்று தமிழ்க் கடைகளில் கதைத்தவர்களில் நானும் ஒருவன். இருபத்திரண்டு வருடம் வீடும் வேலையுமாக இருந்ததில் மிராபெல் அறை எனக்கு மறந்துபோயிருந்தது. இன்று எதிர்த்து எழுதும் யாரையும் நான் பழிக்காததற்கு அந்தப் பதில்தான் காரணம்.

அக்காவின் மகன் 2023 கடைசியில் வந்தான். 2007இல் அத்தானை வெள்ளை வான் வண்டியில் கடத்திக்கொண்டுபோனவர்கள் யார் என்று இன்றுவரை தெரியாது. அக்கா அவருடைய படத்தைப் பிடித்துக்கொண்டு போராட்டங்களில் இருப்பார். அதற்காக மகனை அழைத்து விசாரிப்பார்கள். 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் முறிந்தபோது மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. மீனவர்களுக்குச் சாமான் விற்ற அவனுடைய கடையும் மூடுப்பட்டது. அவன் பயத்தில் வந்தானா, காசுக்கு வந்தானா? என் அம்மா படலையடியில் சொன்ன இரண்டு வார்த்தைகளையும் வைத்துக்கொண்டு நீங்களே சொல்லுங்கள்.

அவனுடைய விசாரணை இப்போதைய வழக்கப்படி கணினித் திரையில் நடந்தது. உடனிருக்க எனக்கு அனுமதி கிடைத்தது. நிலவறையின் சின்ன யன்னலில் வெயில் திரையில் விழாமல் இருக்கப் போர்வையை ஊசியால் குத்திவிட்டிருந்தோம். மேலே வீட்டுக்காரரின் குழந்தை ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. விசாரித்த அகதிச் சபை உறுப்பினர் கேட்டார்: "விசா விண்ணப்பத்தில் திருமணத்துக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையா?" அவன் என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடி, "இல்லை, அப்படி எழுதினால்தான் வரலாம் என்றார்கள்" என்றான். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிக்கும்வரை அவனுடைய இரு கைகளும் மேசைமேல் தட்டிக்கொண்டிருந்தன.

அந்தக் கைகளை எனக்குத் தெரியும்.

முடிவு இன்னும் வரவில்லை. சபை ஏற்கலாம், மறுக்கலாம். யார் அகதி என்று தீர்மானிப்பது அவர்கள் வேலை. எங்கள் சங்கத்திடம் யாரும் அந்தத் தீர்ப்பைக் கேட்கவில்லை. குளிர்காலத்தில் மூன்று மாத வாடகைக்குக் கைகொடுக்க முடியுமா என்றுதான் கேட்கிறார்கள். வங்கியில் இருக்கும் காசு, கோயில் தேர் நிற்கும் இடமான தேர் முட்டிக்கு என்று சேர்த்தது என்பதை அறிவேன். தேர் முட்டி ஒரு வருடம் தள்ளிப்போகலாம் என்பது என் எண்ணம். பொருளாளர் கணக்கைக் கூட்டத்தில் வைக்கட்டும்.

மருமகனையும் அவனோடு தங்கியிருக்கும் மூன்று பேரையும் ஞாயிறு என் காரில் கூட்டிவருகிறேன். வாக்கெடுப்பின்போது அவர்கள் வெளியே நிற்பார்கள். பெரிய அண்ணா, கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வாருங்கள். மச்சானும் வருகிறார். அக்கா கொடுத்துவிட்ட ஒடியல் மா கொஞ்சம் மிச்சமிருக்கிறது, கூழ் காய்ச்சலாம். உங்கள் ஐயா ஊரில் நடத்திய வாசிகசாலையில்தான் தான் எழுதப் பழகியதாக மருமகன் சொல்கிறான். அதை உங்களிடம் நேரில் சொல்ல ஆசைப்படுகிறான்.

அன்புடன்,
உங்கள் ஊரவன், ஸ்காபரோ