1974 கேம்பர் வேன்: செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் எடுக்கவில்லை. உதவி தேவை

வேன்காரன்:
வணக்கம். என்னுடையது 1974ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் டைப் 2 கேம்பர். பின்னால் 1600 சிசி ஏர் கூல்டு எஞ்சின், ஒற்றை சோலெக்ஸ் கார்பரேட்டர், பாயிண்ட் வைத்த பழைய டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு முறைப்படி கரண்டைப் பிரித்துக் கொடுப்பது; பாயிண்ட் என்பது அதற்குள் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்). திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து மூன்று தெரு தள்ளி, அடுக்குமாடியின் திறந்த பார்க்கிங்கில் நிற்கிறது. ஐப்பசி மழை ஆரம்பித்ததும் தார்ப்பாய் போட்டு மூடினேன். காணும் பொங்கலுக்கு மாமல்லபுரம் வரை போகலாம் என்று இப்போது திறந்தால், செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

பேட்டரி புதிது. தெருமுனை மெக்கானிக் அண்ணன் நான்கு பிளக்கையும் மாற்றிவிட்டார். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டினார். கழற்றிய பிளக்குகள் பெட்ரோலில் நனைந்திருந்தன. "கார்பரேட்டர் போயிடுச்சு சார், புதுசு போடணும்" என்கிறார். வாட்ச்மேனும் கிரிக்கெட் ஆடும் பையன்களும் சேர்ந்து தள்ளினார்கள். இரண்டாவது கியரில் விட்டுப் பார்த்தும் பலனில்லை. எங்கிருந்து பார்ப்பது?

அடையாறு ஆலமரம்:
ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா பார்த்தீர்களா?

வேன்காரன்:
அண்ணே, இதற்கு ரேடியேட்டரே கிடையாது.

ஈசிஆர் சவாரி:
எல்லாம் இந்த 20 சதவீத எத்தனால் பெட்ரோல் செய்யும் வேலை. மூன்று மாதம் நின்ற வண்டி என்றால் டேங்க்கை முழுக்கக் காலி செய்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். என் பழைய பைக்குக்கு அப்படித்தான் உயிர் வந்தது.

பழைய கை:
தம்பி, கார்பரேட்டருக்கு இன்னும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். பிளக் நனைந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பெட்ரோல் சிலிண்டர் வரை போகிறது, பற்றவைக்கத்தான் ஆள் இல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பது உண்மைதான். சந்தேகமிருந்தால் கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். அடியில் தனியாக ஒரு படலம் தங்கினால் டேங்க்கைக் காலி செய்யலாம். ஆனால் முதலில் ஸ்பார்க்.

ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சினின் வெற்று உலோகத்தில் படும்படி வைத்து, பெட்ரோல் ஈரம் இல்லாத இடத்தில், வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். கையில் பிடிக்காதீர்கள். நல்ல ஸ்பார்க் என்றால் நீலமாக, சத்தத்தோடு குதிக்கும். அது இல்லையென்றால் ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க்குக்கான உயர் வோல்டேஜைத் தரும் காயிலில் 15, 1 என்று இரண்டு முனை இருக்கும். சாவி போட்டதும் 15இல் லேம்ப் எரிய வேண்டும், செல்ஃப் சுற்றும்போதும் எரிய வேண்டும். பிறகு லேம்ப்பை 1க்கு மாற்றிச் சுற்றுங்கள். அங்கே மினுக் மினுக் என்று விட்டுவிட்டு எரிந்தால் பாயிண்ட் வேலை செய்கிறது. விடாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடியும் கரண்ட் போகவில்லை. எரியவே இல்லையென்றால் பாயிண்டோடு இணைந்த சின்ன கன்டென்சர் (கெப்பாசிட்டர்) ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது பாயிண்ட் திறக்காமல் ஒட்டிக்கிடக்கலாம். சோதனை முடிந்ததும் சாவியை எடுத்துவிடுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவி அப்படியே இருந்தால் காயில் சூடேறிக் கெட்டுப்போகும்.

வேன்காரன்:
ஸ்பார்க் துளியும் இல்லை! 15இல் லேம்ப் எரிகிறது. 1இல் மினுக்கவே இல்லை, விடாமல் எரிகிறது.

பழைய கை:
அப்படியென்றால் பாயிண்ட்தான். கடல் காற்று, மழைக்காலம், தார்ப்பாய்க்குள் புழுக்கம், மூன்று மாதம் ஓடாத எஞ்சின். பாயிண்டின் முகத்தில் ஆக்சைடு படிந்திருக்கும். கண்ணுக்கு லேசான சாம்பல் நிறம்தான் தெரியும், ஆனால் கரண்டுக்கு அது சுவர். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பையும் அதற்குள் சுழலும் ரோட்டாரையும் எடுத்துவிட்டு, நைசான எமரி தாளை மடித்துப் பாயிண்டுக்கு நடுவே நாலைந்து தடவை இழுங்கள். அப்புறம் சுத்தமான வெள்ளைத் தாளை இழுத்துத் தூசியைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தூசியே மறுபடி கரண்டைத் தடுக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் கேமின் மேடு பாயிண்டை முழுக்கத் திறக்கும் நிலையில் நிறுத்தி, ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வையுங்கள். கேப்பின் உள்பக்கத்தில் ஈரம் இருந்தால் அதையும் துடையுங்கள்.

ஈசிஆர் சவாரி:
பாயிண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் போடலாமே. இந்தத் தலைவலியே இருக்காது.

பழைய கை:
போடலாம், நல்லதுதான். ஆனால் அது போனால் போனதுதான். பாயிண்ட் என்றால் கல்பாக்கம் தாண்டி நின்றாலும் ஒரு எமரி தாளை வைத்து வீடு வந்து சேரலாம். எனக்கு அது போதும்.

வேன்காரன்:
சார், பாதி ஜெயம். இடைவெளி வைத்தேன். இப்போது ஸ்பார்க் நீலமாக, சடசடவென்று அடிக்கிறது. ஆனால் ஸ்டார்ட் செய்தால் கார்பரேட்டர் வழியாகத் தும்முகிறது, சைலன்சரில் தீபாவளி. ஒரு வெடிச் சத்தத்தில் தெருநாய்கள் எல்லாம் ஓடிவிட்டன. ஸ்பார்க் வரும் நேரம், அதாவது டைமிங், மாறிவிட்டதா?

பழைய கை:
பாயிண்ட் இடைவெளி மாறினால் டைமிங் கொஞ்சம் மாறும், ஆனால் இந்த அளவுக்கு வெடிக்காது. டிஸ்ட்ரிபியூட்டரை யாராவது தளர்த்தினார்களா? இல்லையென்றால் ஒரு கேள்வி: மெக்கானிக் பிளக் வயர்களைக் கேப்பிலிருந்து உருவினாரா?

வேன்காரன்:
டிஸ்ட்ரிபியூட்டரை யாரும் தொடவில்லை. வயர்களை உருவினார். கார்பரேட்டரைக் கழற்ற இடைஞ்சலாக இருந்தது என்றார். அம்பாசிடரில் முப்பது வருடம் கை பழகியவர்.

பழைய கை:
அங்கேதான் வந்து நிற்கிறது! அம்பாசிடரின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றும் வரிசை, 1-3-4-2. உங்கள் எஞ்சினுக்கு 1-4-3-2. பழக்க தோஷத்தில் கை தானாகப் போட்டிருக்கும்.

வண்டிக்குப் பின்னால் நின்று முன்பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள். வலது பக்கம் தள்ளி இருப்பது 1, உங்களுக்குக் கிட்ட இருப்பது 2. இடது பக்கம் தள்ளி இருப்பது 3, கிட்ட இருப்பது 4. டிஸ்ட்ரிபியூட்டரின் விளிம்பில் சின்ன வெட்டு ஒன்று இருக்கும், அதற்கு நேராகக் கேப்பில் இருப்பது 1ஆம் சிலிண்டரின் இடம். அங்கிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் 1, 4, 3, 2 என்று வர வேண்டும். ஒவ்வொரு வயரையும் கையால் பிடித்துக்கொண்டே பிளக் வரை போய்ப் பாருங்கள்.

வேன்காரன்:
பிடித்துக்கொண்டே போனேன். 1, 3, 4, 2.

பழைய கை:
சரியாகப் போயிற்று. 3ஆம் சிலிண்டருக்கு ஸ்பார்க் அரைச் சுற்று முன்னாலேயே வந்துவிடுகிறது. அப்போது உள்ளே இழுக்கும் வால்வு இன்னும் முழுக்க மூடியிருக்காது, அதனால் தீ கார்பரேட்டர் பக்கம் திரும்பித் தும்முகிறது. 4க்கு அரைச் சுற்று தாமதம். எரியாத கலவை சைலன்சருக்குப் போய் அங்கே வெடிக்கிறது. இடது பக்கத்து வயர் இரண்டையும் கேப்பில் இடம் மாற்றுங்கள், போதும்.

அதற்கு முன்னால் ஒன்று. கார்பரேட்டர் தும்மிய வண்டி இது. பெட்ரோல் பம்ப்பிலிருந்து கார்பரேட்டருக்குப் போகும் ரப்பர் ஓஸைத் தடவிப் பாருங்கள். விரலில் கறுப்பாக ஒட்டினாலோ, வளைத்தால் வெடிப்பு தெரிந்தாலோ ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். பழைய ரப்பருக்கு எத்தனால் ஆகாது, அதில் ஈசிஆர் தம்பி சொன்னது சரி. உங்கள் எஞ்சினின் கிராங்க்கேஸ் (வெளிக்கூடு) மெக்னீசியம் கலந்த உலோகம். ஒருமுறை பற்றிக்கொண்டால் பக்கெட் தண்ணீரால் அணைக்க முடியாது, ஊற்றினால் இன்னும் மோசம். எத்தனால் தாங்கும் ஓஸ், புது கிளாம்ப், எஞ்சின் பக்கத்தில் ஒரு தீயணைப்பான். கார்பரேட்டருக்கு எடுத்து வைத்த பணத்தை இதற்குச் செலவு செய்யுங்கள்.

வேன்காரன்:
ஓஸ் விரலில் மை மாதிரி ஒட்டியது. புதுப்பேட்டை போய் வாங்கிவந்து நான்கு துண்டையும் மாற்றிவிட்டு, வயர் இரண்டையும் இடம் மாற்றிச் சாவியைத் திருப்பினேன். மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது!

ஆனால் சைலன்சரிலிருந்து நீலப் புகை, பார்க்கிங் முழுக்க. பிஸ்டன் ரிங் போய்விட்டதோ என்று பயந்தே போனேன். இரண்டு நிமிடத்தில் அதுவாக அடங்கிவிட்டது.

பழைய கை:
படுத்த வாட்டத்தில் சிலிண்டர் உள்ள எஞ்சின், நெடுநாள் நின்றால் கொஞ்சம் ஆயில் சிலிண்டருக்குள் கசிந்துவிடும். அதுதான் எரிந்தது. ஓட ஓட வந்தால் மட்டும் கவலைப்படுங்கள். நாளைக்கு எஞ்சின் நன்றாக ஆறியபின் வால்வு இடைவெளியைப் பாருங்கள், 0.15 மில்லிமீட்டர்.

வேன்காரன்:
பார்த்துவிடுகிறேன் சார், ரொம்ப நன்றி. மெக்கானிக் அண்ணனிடம் 1-4-3-2 என்று எழுதி ஒட்டிய கேப்பைக் காட்டினேன். சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். முதல் மாடிப் பாட்டிதான் இன்னும் நம்பவில்லை. கார்ப்பரேஷன் கொசு மருந்து வண்டி வந்துவிட்டது என்று எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டார்.