லிபரேட்டரிலிருந்து கான்பெராவுக்கு: இந்திய விமானப்படை 5-ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) விமானங்களோடு பழகியவர்கள் பகிருங்கள்

டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் எச்.ஈ.924 என்ற பி-24 லிபரேட்டர் நிற்கிறது. ஸ்குவாட்ரன் முதலில் ஓட்டிய குண்டுவீச்சு விமானம் இந்த ரகம்தான். பார்க்கப் போகிறவர்கள் அதன் வயிற்றுப் பக்கத்தைத் தவறவிட வேண்டாம். குண்டு அறைக் கதவுகள் வெளியே விரியாது. கடை ஷட்டர் போல உடம்பின் பக்கவாட்டில் வழுக்கி மேலே ஏறும். விமானம் தரையோடு தாழ்ந்து நிற்பதால் கீழே விரியும் கதவுக்கு இடமில்லை. திறந்திருக்கும்போது காற்றுத் தடையும் குறைவு. ஆனால் தகடு மெல்லியது, ஓர் ஆள் மிதித்தால் தாங்காது. கடலில் இறங்க நேர்ந்தால் முதலில் நொறுங்குவதும் இதுதான். உள்ளே முன்னும் பின்னும் போக 9 அங்குல நடைபாதை மட்டுமே. பெட்ரோல் ஆவி அந்த அறையில் தேங்கும் என்பதால் கதவைச் சற்றே திறந்து வைத்துப் பறந்த குழுக்கள் உண்டு.

* * *

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்குவாட்ரன் தொடங்கியது 1948 நவம்பர் 2, கான்பூரில். விமானங்கள் புதிதாக வாங்கியவை அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பிரிட்டிஷார் அங்கே குவித்து, இனிப் பறக்கக் கூடாது என்றே சேதப்படுத்தி விட்டுப்போன லிபரேட்டர்கள். பெங்களூர் விமானத் தொழிற்சாலையான இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆட்கள் பறக்கும் அளவுக்கு அங்கேயே ஒட்டுப்போட்டார்கள்; சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி பெங்களூருக்கு ஓட்டி வந்தார்; முழுப் பழுதுபார்ப்பு அங்கே. இப்படி நாற்பது விமானங்களாவது தேறின.

பிரிட்டிஷார் செய்த சேதத்தில் எஞ்சினில் மண் போட்டதுதான் மிகக் கெட்ட வேலை. ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆகாது. மண் ஆயில் வழிகளில் ஒட்டிக்கொண்டு, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பேரிங்கைக் கீறிவிடும். ஆயில் கூலரின் நுண்குழாய்களில் தங்கியதைக் கழுவி எடுப்பது இன்னும் கடினம். எஞ்சினைச் சுத்தமாகப் பிரித்துக் கோத்துவிட்டுக் கூலரைப் பழையதாகவே விட்டால் அதே மண் திரும்ப வரும்.

* * *

எஞ்சின் பேச்சு வந்ததால்: லிபரேட்டரில் நான்கு பிராட் அண்ட் விட்னி ஆர்-1830. ஒவ்வொன்றும் 14 சிலிண்டர் ரேடியல் (சிலிண்டர்கள் வட்டமாகச் சுற்றி நிற்கும் எஞ்சின்), 1,200 குதிரைத்திறன். நிறுத்தி வைத்திருக்கும்போது ஆயில் கசிந்து கீழ்ச் சிலிண்டர்களில் இறங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட்டரைத் தட்டினால் திரவம் அமுங்காது, கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) வளையும். அன்றைக்கே உடையாமல் சில மணி நேரப் பறப்புக்குப் பின் காற்றில் உடைவதுதான் இதில் பயங்கரம்.

அதனால் முதலில் சுவிட்ச் எல்லாம் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்ற வேண்டும். கியர் விகிதம் 16:9, கிராங்க் 16 சுற்றினால் ப்ரொப்பெல்லர் 9 சுற்றும். எல்லாச் சிலிண்டரும் ஒருமுறை அமுங்க கிராங்க் இரண்டு சுற்று, அதாவது ப்ரொப்பெல்லரில் மூன்று இறக்கை (பிளேடு) கடப்பதற்குச் சற்று மேல். ஆறு இறக்கை தள்ளினால் நிம்மதி. நடுவில் முட்டினால் பலம் போட்டுத் தள்ளக் கூடாது. பின்னோக்கியும் சுற்றக் கூடாது, அப்படிச் செய்தால் ஆயில், காற்றை உறிஞ்சும் குழாய்க்குள் போய் ஒளிந்துகொண்டு ஸ்டார்ட் ஆனதும் திரும்பி வரும். கீழ்ச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வடிய விட வேண்டும். வேறு குறுக்கு வழி கிடையாது.

* * *

கான்பெரா ஜெட் குண்டுவீச்சு விமானத்தின் பக்கமும் வாருங்கள். 1957-இல் ஸ்குவாட்ரனுக்கு வந்தது பி(ஐ)58 ரகம். விமானிக்குப் போர் விமானத்தில் இருப்பதுபோல் இடப்புறம் ஒதுங்கிய கண்ணாடிக் கூண்டும் எஜெக்ஷன் சீட்டும் (ஆபத்தில் ஆளோடு வெளியே பாயும் இருக்கை) உண்டு. நேவிகேட்டர் (வழி கணிப்பவர்) விமானத்தின் மூக்குக்குள் இருப்பார். அவருக்கு எஜெக்ஷன் சீட் கிடையாது, பக்கக் கதவு வழியாகத்தான் குதிக்க வேண்டும். தாழ்வாகப் பறந்து தாக்கும் விமானத்தில் அதற்கு நேரம் எங்கே? வடிவமைப்பில் மன்னிக்க முடியாத குறை இதுதான் என்பேன்.

பின் குண்டு அறையில் நான்கு 20 மி.மீ. துப்பாக்கி கொண்ட பெட்டியை மாட்டினால் உள்ளே 1,000 பவுண்டு குண்டு மூன்றுதான் போகும். 1961 டிசம்பரில் காங்கோவில் ஐ.நா. படைக்காகக் கொல்வேசி விமானதளத்தைத் தாக்கியவை இந்த ஸ்குவாட்ரன் கான்பெராக்கள்தான்.

* * *

கான்பெராவில் அதிகம் உயிர் வாங்கியது எதிரி அல்ல, ஒற்றை எஞ்சின் பயிற்சி (இரண்டில் ஒன்று நின்றதுபோல் பறந்து பழகுவது). எஞ்சின்கள் இறக்கையில் தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஒன்று நின்று மற்றது முழு வேகத்தில் இழுத்தால், வேகம் குறைவாக இருக்கும்போது ரட்டர் (வால் சுக்கான்) போதாது, விமானம் உருண்டுவிடும். தரையிறங்கும்போது த்ராட்டிலை (எஞ்சின் வேக நெம்புகோலை) முழுவதும் இழுத்துவிட்டால் கான்பெராவின் ஏவான் எஞ்சின் மறுபடி வேகம் பிடிக்க நேரம் எடுக்கும், இரண்டும் ஒன்றுபோல் பிடிக்கவும் செய்யாது. ஓடுபாதை உறுதியாகும் வரை சுழற்சியைக் கொஞ்சம் உயர்த்தியே வைத்திருக்கச் சொல்வது அதனால்தான். 1981-இல் ஸ்குவாட்ரனுக்கு ஜாகுவார் விமானம் வந்தது. அதில் எஞ்சின்கள் உடம்போடு ஒட்டி இருப்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.