டயர் இல்லாமல் இரும்புப் பட்டையில் ஓடும் வண்டி: சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

சிறுவர் அறிவியல் இதழ் ஒன்றுக்காக, செங்கடலில் கிடக்கும் திஸ்டில்கோர்ம் சரக்குக் கப்பல் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எகிப்தில் இருந்த பிரிட்டிஷ் படைக்குத் தளவாடம் ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த கப்பல் அது. 1941 அக்டோபர் 6 அதிகாலையில் ஜெர்மன் ஹெய்ன்கெல் விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. 9 பேர் இறந்தார்கள். சுமார் 30 மீட்டர் ஆழத்தில் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் இன்னும் வரிசை கலையாமல் நிற்கின்றன.

துருவும் பவளமும் ஏறிவிட்டதால் வண்டிகளை உருவத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். பானெட் அகலமாக, தட்டையாக இருந்தால் பெட்ஃபோர்டு எம்.டபிள்யூ லாரி. இதுவரை சிக்கல் இல்லை. அடுத்து வருகிறது யூனிவர்சல் கேரியர். மேலே திறந்திருக்கும் சின்னக் கவச வண்டி. டயர் கிடையாது, இரும்புப் பட்டை சுற்றி ஓடும். அந்தப் பட்டைக்கு என்ன சொல் போடலாம்? ‘பீரங்கி வண்டி’ என்று எழுத எனக்கு மனமில்லை.

– சென்னை

---

மனமில்லாதது சரிதான். பீரங்கி வண்டி என்றால் சுழலும் கோபுரமும் அதில் ஒரு பீரங்கியும் வேண்டும். இதில் இரண்டும் இல்லை. பக்கத்துக்கு 3 சக்கரம்: இரண்டு ஜோடியாக, ஒன்று தனியாக. கடலடிப் படத்தில் அதை எண்ணினாலே கேரியர் என்று தெரிந்துவிடும். லேசாகத் திரும்ப வேண்டுமானால் ஓட்டுநர் முன்சக்கர ஜோடியைப் பக்கவாட்டில் நகர்த்துவார், பட்டையே வளைந்து கொடுக்கும். சட்டென்று திரும்ப ஒரு பக்கப் பட்டைக்குப் பிரேக் போடுவார். எனவே சொல்லில் ‘பட்டை’ வர வேண்டும். பட்டைச் சக்கரம்.

– கோவை

---

அன்புடையீர், பட்டை என்றால் பிள்ளைகளுக்கு மரப்பட்டையும் கறிமசால் பட்டையும்தான் நினைவுக்கு வரும். ‘சங்கிலி’யை யாரும் முன்மொழியும் முன்பே சொல்லிவிடுகிறேன், அது வடசொல்லின் திரிபு. நமக்குத் ‘தொடர்’ இருக்கிறது. கணைக்கால் இரும்பொறை சிறையில் பாடிய புறநானூறு 74-இல் ‘தொடர்ப்படு ஞமலி’ என்கிறான். சங்கிலியால் கட்டிய நாய். சக்கரமும் வேண்டாம், ‘உருள்பெருந்தேர்’ என்று குறளில் உருள் இருக்கிறது. தொடர் + உருள் = தொடருருள். இன்னும் பழைய வழி வேண்டுமா? ‘கடலோடா கால்வல் நெடுந்தேர்’ (குறள் 496). இங்கே கால் என்பதே சக்கரம். ‘தொடர்கால்’ என்றால் வினைத்தொகையாகவும் நிற்கும். காலும் உருளும் ஒன்றா வேறா என்பதை நாளை விரிவாக எழுதுகிறேன்.

– மதுரை

---

ஐயா, அந்தக் குறளை இந்தக் கப்பலுக்கே எழுதி வைத்தது போல் இருக்கிறது. கடலில் ஓடாத தேர்கள் கடலடியில் நிற்கின்றன. ஆனால் தொடருருள் என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன புரியும்? இதே கப்பலின் மேல்தளத்தில் 2 ரயில் எஞ்சின்களும் வந்தன. ரயிலைத் தொடர்வண்டி, தொடரி என்று எழுதும் காலத்தில் ‘தொடர்’ என்று தொடங்கினால் பிள்ளை ரயிலைத்தான் நினைக்கும்.

எங்கள் பக்கம் அறுவடைக் காலத்தில் வந்து பாருங்கள். வயல் காய்ந்திருந்தால் டயர் வண்டி, சேறாக இருந்தால் செயின் வண்டி. வாடகையே வேறு வேறு. நெல் அறுக்கும் மிஷின் இரும்பிலோ ரப்பரிலோ எதில் ஓடினாலும் டெல்டாவில் அதற்குச் செயின் வண்டி என்றுதான் பெயர். சொல் ஏற்கெனவே ஊருக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, நாம் அதைச் ‘சங்கிலி’ என்று எழுதினால் போதும்.

– தஞ்சாவூர்

---

எங்கட இலங்கைப் பக்கம் யுத்தத் தாங்கி (போர் டாங்க்), தண்ணீர்த் தாங்கி இரண்டுக்கும் ‘தாங்கி’ என்று ஒரே சொல். அதனால் ‘தாங்கி’ என்று முடியும் எதையும் தயவுசெய்து வைக்க வேண்டாம். ‘கவச வாகனம்’ எல்லோருக்கும் பழக்கம்.

– டொரொன்டோ

---

வாகனமும் வடசொல். ஊர்தி என்க. ஊர்தல் என்பது புழு நகர்வதற்கும் பொருந்தும், ‘சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான்’ என்று ஏறிச் செல்வதற்கும் பொருந்தும். இந்த வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான வினை கிடைக்காது. செயின் வண்டி என்று ஊரார் சொல்வது பேச்சு. அச்சில் ஏறுவது பிள்ளைகள் மனதில் நிற்கும். புரியாது என்று ஒதுக்கிய சொல் என்றைக்குத்தான் புரியும்? கணினி என்ற சொல்லைக் கேட்டும் முதலில் புரியாது என்றுதானே சொன்னார்கள்?

– மதுரை

---

ஐயா, கணினியைப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் வருடக்கணக்காகப் படித்தார்கள். இந்தச் சொல்லைப் படக்குறிப்பில் ஒரே ஒரு முறை பார்ப்பார்கள்.

– தஞ்சாவூர்

---

அனைவருக்கும் நன்றி. இன்று இரவு அனுப்பியாக வேண்டும். ‘சங்கிலிச் சக்கரக் கவச வண்டி’ என்று போடுகிறேன். முதல் முறை வரும்போது ‘டயருக்குப் பதிலாக இரும்புப் பட்டை சுற்றி ஓடும் வண்டி’ என்று ஒரு வரி விளக்கமும் சேர்க்கிறேன். யூனிவர்சல் கேரியர் என்ற பெயர் அப்படியே இருக்கும். ஊர்தி என்று முடிக்க எனக்கும் ஆசைதான், ஆனால் படத்துக்குக் கீழே இடம் போதவில்லை.

– சென்னை

---

ஊர்திக்கும் வண்டிக்கும் எழுத்து எண்ணிக்கை ஒன்றே. இடம் காரணமாகாது. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். தொடர்கால் பற்றிய மடல் நாளை வரும்.

– மதுரை