டோனட் கடையை வைத்து மறுவாழ்வை அளக்கலாமா?

மேழிச்செல்வன்:
கலிபோர்னியாவில் தனிநபர்கள் நடத்தும் டோனட் கடைகளில் பெரும்பாலானவை கம்போடியர்களுடையவை. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் 15 முதல் 20 லட்சம் பேர் மாண்ட நாட்டிலிருந்து வந்தவர்கள் இவர்கள். டெட் நோய் என்பவர் 1975இல் அகதியாக வந்தார். ஒரு டோனட் கடையில் தொழில் பழகி, 1977இல் சொந்தக் கடை வாங்கினார். பின்னால் வந்த அகதிகளுக்குக் கடைகளைக் குத்தகைக்கு விட்டுக் கைதூக்கிவிட்டார். விடிவதற்கு முன் எழுந்து மாவு பிசைந்தவர்கள் மனநல ஆலோசகரைத் தேடி ஓடவில்லை. உழைப்பே அவர்களுக்கு மருந்து. சின்னச் சறுக்கலுக்கே ஒடிந்துபோகிறவர்கள் இவர்களைப் பார்த்துக் கற்க வேண்டும்.

நிலாமதி:
ஐயா, உங்கள் முதல் உதாரணமே இடறுகிறது. டெட் நோய் கெமர் ரூஜ் ஆட்சியின் கீழ் ஒரு நாளும் வாழவில்லை. தலைநகர் புனோம் பென் கெமர் ரூஜிடம் வீழ்ந்தபோது அவர் பாங்காக்கில், கம்போடியத் தூதரகத்தில் ராணுவ அதிகாரியாக இருந்தார். அங்கிருந்தே அமெரிக்கா போனார்.

1975 ஏப்ரல் 17 அன்று தலைநகரைவிட்டு விரட்டப்பட்டவர்களின் கதை வேறு. அமெரிக்கா குண்டு போடப்போகிறது, மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் கிளப்பினார்கள். நோயாளிகளை மருத்துவமனைக் கட்டிலோடு உருட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. அந்த மூன்று நாள் நான்கு ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக நீண்டது. பணம் ஒழிந்தது, சந்தை ஒழிந்தது, பிறகு வீட்டு அடுப்பும் ஒழிந்தது. பொதுச் சமையற்கூடத்தில் பருக்கையை எண்ணிவிடலாம் போன்ற கஞ்சி. நகரத்திலிருந்து வந்தவர்களுக்குப் 'புதிய மக்கள்' என்று பெயர். "உன்னை வைத்திருந்தால் லாபமில்லை, இழந்தால் நட்டமில்லை" என்று அவர்களிடம் சொன்னார்கள். தூதரகத்திலிருந்து புறப்பட்டவரையும் இவர்களையும் எப்படி ஒரே தராசில் வைக்கிறீர்கள்?

சுப்பையா:
இடையில் ஒரு செய்தி. கம்போடியர்களின் கெமர் புத்தாண்டு நம் சித்திரை முதல் நாளை ஒட்டியே வரும். 1975இல் புத்தாண்டு முடிந்த கையோடு நகரம் போனது. அந்த ஊர்க்காரர்களுக்கு ஏப்ரல் எப்படியிருக்கும் என்று ஒவ்வொரு சித்திரையிலும் எனக்குத் தோன்றும்.

இன்னொன்று. 1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை புனோம் பென்னைப் பிடித்தது, மக்கள் தாய்லாந்துக்கு ஓடினார்கள் என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஜூனில், எல்லை தாண்டி வந்திருந்த 40,000க்கும் மேற்பட்டோரைத் தாய்லாந்து ராணுவம் பஸ்களில் ஏற்றி, எல்லையிலுள்ள பிரியா விகார் கோயில் பக்கத்து மலைச்சரிவில் கீழே தள்ளிவிட்டது. கீழே கண்ணிவெடி. தாய்லாந்தில் காவோ ஈ தாங் அகதி முகாம் திறந்தது அதற்குப் பிறகு, நவம்பரில்தான். டோனட் கடைக்குப் போகும் வழியில் இவ்வளவும் இருக்கிறது.

மேழிச்செல்வன்:
டெட் நோய் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் அவர் வழியாகத் தொழிலுக்கு வந்தவர்களில் 1979க்குப் பின் முகாம்களிலிருந்து வந்தவர்களும் உண்டே? அவர்கள் நின்று காட்டினார்களே?

நிலாமதி:
நின்றார்கள். எதன் மேல் நின்றார்கள் என்பதுதான் கேள்வி. கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் வாழும் கம்போடிய அகதிகளிடம், அவர்கள் குடியேறி இருபது ஆண்டுகளுக்குப் பின் நடத்திய ஆய்வு ஒன்று 2005இல் வெளிவந்தது. 62 சதவீதம் பேருக்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய், 51 சதவீதம் பேருக்குக் கடும் மனச்சோர்வு. 1980களில் அதே பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட கம்போடியப் பெண்கள் பார்வை மங்கி மருத்துவர்களிடம் வந்தார்கள். சோதித்தால் கண்ணில் கோளாறு இல்லை. பார்த்ததெல்லாம் போதும் என்று அந்தக் கண்கள் முடிவு செய்துவிட்டன போலும்.

ஹைங் நோர் என்ற மருத்துவரை நினைத்துப் பாருங்கள். படித்தவன் என்று தெரிந்தால் கொன்றுவிடுவார்கள் என்பதால் டாக்சி ஓட்டுநர் என்று சொல்லி உயிர் பிழைத்தவர். மகப்பேறு மருத்துவர் அவர். மனைவி பிரசவத்தில் செத்துக்கொண்டிருந்தபோது அறுவைசிகிச்சை செய்யக் கருவியும் இல்லை, மருத்துவன் என்று வெளிப்படவும் வழியில்லை. 1980இல் அமெரிக்கா வந்தார். திரைப்படத்தில் நடித்து 1985இல் ஆஸ்கர் வாங்கினார். ஆனால் அமெரிக்காவில் மீண்டும் மருத்துவராக வேலை பார்க்கவே இல்லை. 1996இல் லாஸ் ஏஞ்சல்ஸில் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இதை வெற்றிக் கதை என்பீர்களா, தோல்விக் கதை என்பீர்களா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கடலோரன்:
நான் லாங் பீச்சில் பதினோரு ஆண்டாக இருக்கிறேன். எங்கள் தெருமுனை டோனட் கடைக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். வணக்கத்துக்குப் பதில் "சோறு சாப்பிட்டாயா?" என்பார். கெமர் மொழியிலும் நலம் விசாரிப்பது அப்படித்தானாம். காலை ஆறு மணிக்கு, சர்க்கரைப் பாகு வாசனைக்கு நடுவில், அந்தக் கேள்வி! கல்லாவுக்குப் பின்னால் எப்போதும் இரண்டு மூட்டை அரிசி இருக்கும். டோனட்டுக்கு அரிசி எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். சிரித்துவிட்டு, நான் கேட்காமலே இன்னொரு டோனட்டைப் பெட்டியில் போட்டார். இனி அதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று புரிந்துகொண்டேன்.

மேழிச்செல்வன்:
கடலோரன் சொன்னதையே என் பக்கத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். அந்த அம்மாவை ஓர் அறையில் உட்காரவைத்து, நடந்ததைச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார். கடை அவருக்குப் பேச வேண்டாத இடத்தைத் தந்தது. என் அப்பா என் தம்பி இறந்த பதினாறாம் நாள் தறியில் போய் உட்கார்ந்தார். ஊர் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்றது. தறிச் சத்தம் இல்லாத வீட்டில் அவரால் உட்கார முடியவில்லை என்பது எனக்குப் பல ஆண்டு கழித்துத்தான் விளங்கியது. 'உழைப்பே மருந்து' என்று எழுதியது அதிகம். அதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் உழைப்பை வெறும் மூடுதுணி என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நிலாமதி:
மூடுதுணி என்று நான் சொல்லவில்லை. அப்பாவைப் பற்றி எழுதியதற்கு நன்றி ஐயா. அதோடு எனக்குச் சண்டையில்லை.

பேசாத அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குச் சண்டை. பெற்றோர் இரவும் பகலும் வேலையில். பள்ளியில் மற்ற பிள்ளைகளிடம் அடி. தற்காப்புக்கென்று சேர்ந்த கும்பல் பிறகு சிறைக்குக் கொண்டுபோய்விட்டது. 1996இல் அமெரிக்காவின் குடியேற்றச் சட்டம் கடுமையானது. குடியுரிமை வாங்காதவன் சில குற்றங்களில் தண்டனை பெற்றால், சிறைவாசம் முடிந்த பிறகும் நாடுகடத்தலாம். 2002இல் கம்போடியா அவர்களைத் திரும்ப ஏற்க ஒப்பந்தம் செய்தது. அப்படி அனுப்பப்பட்டவர்களில் பலர் தாய்லாந்து முகாம்களில் பிறந்தவர்கள். கம்போடிய மண்ணை அதற்குமுன் மிதித்ததே இல்லை.

மேழிச்செல்வன்:
குற்றம் செய்தால் தண்டனை வேண்டாமா?

நிலாமதி:
தண்டனையைச் சிறையில் அனுபவித்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தையும் பாருங்கள். கெமர் ரூஜ் குற்றங்களை விசாரித்த ஐ.நா. ஆதரவு நீதிமன்றம் 2006 முதல் 2022 வரை நடந்தது. தண்டனை பெற்றவர்கள் மூன்றே பேர்.

சுப்பையா:
கடலோரன், அந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் உண்டா?

கடலோரன்:
ஒரு மகள், மருந்தாளுநராக இருக்கிறாள். மகன் ஒருவன் இருந்ததாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். எங்கே என்று நான் கேட்கவில்லை.