பென்சிலில் புல் வரையத் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

வரப்பில் படுத்திருக்கும் ஒரு ஆட்டுக்குட்டியைப் பென்சிலில் வரைந்துகொண்டிருக்கிறேன். குட்டி நன்றாகவே வந்துவிட்டது. சுற்றியுள்ள அருகம்புல்தான் பாடாய்ப் படுத்துகிறது. எப்படிப் போட்டாலும் விளக்குமாற்றுக் குச்சியை நட்டுவைத்தது போலவே இருக்கிறது.

புல்லை வரையாமல், நடுவே உள்ள இருட்டை வரையச் சொல்கிறார்கள். கருமையாக விழும் 4பி பென்சிலால் முயன்றேன். முன்வரிசையில் பத்துப் பதினைந்து தேறின. அப்புறம் எது புல், எது நிழல் என்று எனக்கே குழம்பிவிட்டது. மை தீர்ந்த ரீஃபிலால் தாளில் அழுத்திக் கீறிவிட்டு மேலே பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் வெள்ளைக் கோடுகள் கிடைக்கின்றன. ஆனால் எல்லாம் ஒரே தடிமன், நூடுல்ஸ் மாதிரி.

புல்லின் நுனியைக் கூராக்க என்ன செய்வீர்கள்? தூரத்துப் புல்லை எங்கிருந்து வெறும் நிழலாக விட்டுவிடலாம்? நீங்கள் வரைந்தது இருந்தால் போடுங்கள், பாதியில் நின்றதானாலும் சரி.