டாலஸ் பக்கம் வருபவர்களுக்கு: ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் எங்கள் இரண்டு பிள்ளைகளின் அனுபவம்

வேலை மாற்றலாகி வருகிறோம், டாலஸ் பக்கத்து ஊர்களில் ஃப்ரிஸ்கோவா பிளேனோவா, எந்த ஊர்ப் பள்ளிகளுக்கு ரேட்டிங் அதிகம் என்று இந்தக் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். ரேட்டிங்கைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டிலிருந்து (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) என்ன கிடைத்தது, எப்படிக் கிடைத்தது என்று நான் சொல்கிறேன். இங்கே பாதி விஷயம் வாய்விட்டுக் கேட்டால்தான் கிடைக்கும்.

முதலில் வீடு. அட்ரஸில் இருக்கும் ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். டெக்ஸாஸில் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் நகராட்சிக்குக் கீழே வராது. அதற்கென்று தனி எல்லை, தனி சொத்து வரி, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் தனி போர்டு. ஃப்ரிஸ்கோவின் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டான ஃப்ரிஸ்கோ ஐஎஸ்டிக்குள் பிளேனோ, மெக்கின்னி, லிட்டில் எல்ம் ஊர்களின் சில பகுதிகளும் வரும், ஃப்ரிஸ்கோ ஊருக்குள்ளேயே ப்ராஸ்பர், லூயிஸ்வில் டிஸ்ட்ரிக்டில் சேர்ந்த தெருக்களும் உண்டு. அட்வான்ஸ் கொடுக்கும் முன் டிஸ்ட்ரிக்ட் வெப்சைட்டில் வீட்டு முகவரியைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். வாடகை வீடா, கவலையில்லை, லீஸ் பேப்பரே போதும். விசா நிலையை நினைத்தும் பயப்பட வேண்டாம். அதைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளைக்கும் இலவசக் கல்வியை மறுக்க முடியாது என்று 1982-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது, அந்த வழக்கே டெக்ஸாஸின் டைலர் ஊரிலிருந்து போனதுதான்.

சரி, பையன் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வயது தாண்டியும் அவனுக்குப் பேச்சு வரவில்லை. அப்போது நாங்கள் இதே மாநிலத்தில் வேறொரு டிஸ்ட்ரிக்டில் இருந்தோம். போன் செய்து கேட்டால், "வீட்டில் இரண்டு மொழியா? தமிழை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நாள் பாருங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார், "அப்போ நான் என் பேரன்கிட்ட எதுல பேசுறது?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

பக்கத்து வீட்டில் இருந்த டீச்சர் ஒருவர்தான் வழி சொன்னார். போனில் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள் என்றார். மூன்று வயதிலிருந்தே, பள்ளியில் சேர்க்காத பிள்ளையாக இருந்தாலும், டிஸ்ட்ரிக்ட் இலவசமாகப் பரிசோதித்து, தேவைப்பட்டால் ஸ்பீச் தெரபி கொடுத்தாக வேண்டும், அது ஃபெடரல் சட்டம். எழுத்தில் கேட்டால் 15 பள்ளி நாட்களுக்குள் அவர்களும் எழுத்தில் பதில் தர வேண்டும். நாம் சம்மதக் கையெழுத்துப் போட்ட பிறகு பரிசோதனை அறிக்கைக்கு 45 பள்ளி நாள் கெடு. போனில் பேசியதற்கு எந்தக் கெடுவும் கிடையாது. இந்த மாநிலத்தில் 2004-லிருந்து பல வருடம், ஸ்பெஷல் எஜுகேஷனில் (சிறப்பு உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கான கல்வி) இருக்கும் பிள்ளைகள் மொத்த மாணவர்களில் 8.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஓர் அளவுகோல் வைத்திருந்தார்கள். அது சட்டவிரோதம் என்று 2018-ல் மத்திய கல்வித்துறை சொன்னது. அந்த வருடங்களில் எத்தனை பிள்ளைகள் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

கடிதம் கொடுத்த பிறகு எல்லாமே மாறியது. பையனைப் பரிசோதித்த ஸ்பீச் தெரபிஸ்ட் படக் கார்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டி, வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று என்னிடம் கேட்டு, தண்ணி, பால், போதும், இன்னும் என்று ஆங்கில எழுத்தில் எழுதி கார்டுகளின் பின்னால் ஒட்டிக்கொண்டார். தமிழை நிறுத்தவே வேண்டாம், இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது என்று தெளிவாகச் சொன்னார். அப்புறம் ஏஆர்டி மீட்டிங், அதாவது பிள்ளைக்கு என்ன உதவி என்று முடிவு செய்யும் கூட்டம். மேஜையைச் சுற்றி அவர்கள் கூட்டமாக இருப்பார்கள், நாம் இரண்டே பேர். மிரள வேண்டாம், பெற்றோரும் அந்தக் குழுவில் உறுப்பினர்தான், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றாலும் கேட்கலாம். பிறகு ஃப்ரிஸ்கோவுக்கு மாறியபோது பழைய ஐஇபியை, அதாவது பையனுக்கென்று எழுதிய உதவித் திட்டத்தைக் காட்டினோம், தெரபி விட்டுப்போகாமல் தொடர்ந்தது. இப்போது பாட்டியிடம் வீடியோ காலில் கதை கதையாக அளக்கிறான்.

பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே விலங்குகள் மேல் உயிர். இங்கே நம்மவர்கள் பேச்சில் எப்போதும் ஏபி கோர்ஸும் (ஹைஸ்கூலிலேயே படிக்கும் கல்லூரி அளவுப் பாடங்கள்) ரேங்க்கும்தான். டெக்ஸாஸின் 1997 சட்டப்படி வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி, ஆஸ்டினில் உள்ள டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் மட்டும் அது இன்னும் இறுக்கம், அதனால் அந்தப் பதற்றம் எனக்கும் புரிகிறது. ஆனால் ஃப்ரிஸ்கோ ஐஎஸ்டியில் 2008-லிருந்து சிடிஇ சென்டர் என்று ஒரு தொழிற்கல்வி மையம் இருக்கிறது. அவரவர் ஹைஸ்கூலிலிருந்து பஸ்ஸில் அங்கே போய் கால்நடை மருத்துவம், சமையல், ஆட்டோமொபைல் என்று கையால் செய்து கற்கலாம். என் பெண் அங்கே போய் வந்த பிறகுதான் படிப்பில் அவளுக்கே ஒரு பிடிப்பு வந்தது. விரும்பும் துறையில் வேலை செய்பவரிடமே நேரில் கற்கும் ஐஎஸ்எம் என்ற கோர்ஸ் உண்டு, ஹைஸ்கூலில் படிக்கும்போதே கல்லூரிக் கிரெடிட்டும் சேரும்படி, உள்ளூர்க் கல்லூரியான காலின் காலேஜோடு சேர்ந்த டூயல் கிரெடிட்டும் உண்டு. கோர்ஸ் தேர்வு தொடங்கும் முன்பே கவுன்சலரைப் பார்த்து, பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள்.

பேச்சு தாமதம், கவனக் குறைவு என்று யாராவது இந்த நிமிடம் தவித்துக்கொண்டிருந்தால் எனக்கு எழுதுங்கள், நான் கொடுத்த கடிதத்தின் மாதிரியை அனுப்புகிறேன். ஸ்பெஷல் எஜுகேஷன் டைரக்டர் பெயருக்கு அனுப்புங்கள், தேதி கட்டாயம் போடுங்கள், ஒரு காப்பி கையில் வைத்துக்கொள்ளுங்கள்.