சென்டோஸ் 7-ஐ விட்டு எங்கே போவது?

கேள்வி: கேபிள் டிவியோடு இன்டர்நெட்டும் கொடுக்கிறோம், 900 இணைப்பு. ரேடியஸ் (லாகினைச் சரிபார்க்கிற சர்வர்), டிஎன்எஸ் (தளப் பெயருக்கு ஐபி முகவரி சொல்ற சர்வர்) இரண்டும் இன்னும் சென்டோஸ் 7 என்கிற லினக்ஸ் இயங்குதளத்துலதான். 2024 ஜூன் 30-ஓட அதுக்கு அப்டேட் நின்னு போச்சு. எதுக்கு மாறலாம்?

கம்பிக்காரன்: டெபியன் 12, அதுவும் லினக்ஸ்தான். எல்டிஎஸ் (நீண்டகால அப்டேட்) சேர்த்து 2028 ஜூன் வரை ஓடும். ரேடியஸுக்கு ஃப்ரீரேடியஸ், டிஎன்எஸ்ஸுக்கு அன்பவுண்ட், இரண்டு மென்பொருளும் அதிலேயே கிடைக்கும். நான் டிஎன்எஸ்ஸை முதலில் மாற்றி, ஒரு வாரம் பார்த்துட்டுத்தான் ரேடியஸ்ல கை வெச்சேன். ரேடியஸ் படுத்தா புதுசா யாரும் லாகின் ஆக முடியாது. போன் அடிச்சே கொன்னுடுவாங்க.

மலைக்கோட்டை: சென்டோஸ் கைப்பழக்கம் விடாதுன்னா, அதே மாதிரி இருக்கிற அல்மாலினக்ஸ் 9, 2032 வரை கவலையில்லை. லினக்ஸ் அல்லாத ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளமும் தங்கம்தான், ஆனா நீங்க ஊர்ல இல்லாதப்ப அதைத் தெரிஞ்ச பையன் வேணுமே!

கேட்டவர்: எங்க பையனுக்கு டெபியன் தெரியுமாம். ஞாயிறு விடியற்காலை 3 மணிக்கு டிஎன்எஸ்ல ஆரம்பிக்கிறேன்.